யூகோஸ்லாவியாவின் உச்சத் தளபதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூகோஸ்லாவியா உடைந்த கதையைப் படிப்பவர்களுக்கு செர்பியாவின் மிலோசெவிச், குரோவேஷியாவின் துஜ்மான், பொஸ்னியாவின் இசெத்பெகோவிச் என்று அரசியல்வாதிகளின் பெயர்கள் பழக்கமாகிவிடும். சீருடை அணிந்தவர்கள் மங்கலாகவே தெரிவார்கள். "ராணுவம்" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லோரையும் போட்டு மூடிவிடுகிறோம். அந்த மூடியைத் திறந்தால் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்த ராணுவத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

யூகோஸ்லாவ் மக்கள் ராணுவம். இரண்டாம் உலகப் போரில், பின்னாளில் நாட்டை ஆண்ட தீட்டோவின் தலைமையில் ஜெர்மானியரையும் அவர்களுக்குத் துணைபோன உள்ளூர்ப் படைகளையும் எதிர்த்த கெரில்லாப் படைதான் அதன் வேர். ஸ்லொவேனியா, குரோவேஷியா, பொஸ்னியா-ஹெர்ஸகோவினா, செர்பியா, மாண்டினீக்ரோ, மாசிடோனியா என்று ஆறு குடியரசுகள். செர்பியாவுக்குள் கொசோவோ, வொய்வொதினா என்று இரண்டு தன்னாட்சி மாநிலங்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே படை. 1992 மே மாதத்தோடு அது இல்லாமல் போனது.

உச்சியில் இருந்தவர்கள் யார்?

இரண்டு நாற்காலிகள் முக்கியம். ஒன்று, கூட்டாட்சிப் பாதுகாப்புச் செயலர். பெயர்தான் செயலர், வேலை பாதுகாப்பு அமைச்சருடையது. தீட்டோவுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சீருடைக்காரர்களே. இன்னொன்று, தலைமைத் தளபதி.

செயலர்களின் வரிசை: 1953 முதல் 1967 வரை இவான் கோஷ்நியாக், அடுத்து 1982 வரை நிகோலா லியூபிசிச், 1988 வரை கடற்படை அட்மிரல் பிராங்கோ மாமுலா, கடைசியாக வெல்கோ காடியேவிச். உடையும் காலத்தில் தலைமைத் தளபதி பிளாகோயே அஜிச். கீழே வரும் கதையில் காடியேவிச்சும் அஜிச்சும்தான் திரும்பத் திரும்ப வருவார்கள்.

எல்லோரும் செர்பியர்கள்தானே?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதிகாரிகளில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேர் செர்பியர்கள் என்பது உண்மை. மாண்டினீக்ரோக்காரர்களும் தங்கள் மக்கள்தொகைக்கு மிஞ்சி இருந்தார்கள். ஆனால் உச்சப் பதவிகளில் பங்கீடு உண்டு. 1974 அரசியல் சட்டமே ராணுவத் தலைமையில் எல்லாக் குடியரசுகளுக்கும் விகிதப்படி இடம் வேண்டும் என்று எழுதிவைத்தது. கோஷ்நியாக் குரோவேஷியர். எழுபதுகளில் தலைமைத் தளபதியாக இருந்த விக்டர் புபான் குரோவேஷியர், அவருக்குப் பின் வந்த ஸ்டானே பொடோச்சார் ஸ்லொவேனியர்.

1991-லேயே பாருங்கள். காடியேவிச்சுக்கு அடுத்த நிலையில் இருந்த அட்மிரல் ஸ்டானே புரோவெட் ஸ்லொவேனியர். விமானப் படைத் தளபதி ஸ்வொங்கோ யூர்யேவிச் குரோவேஷியர். ஸ்லொவேனியாவும் குரோவேஷியாவும் அடங்கிய ராணுவ வட்டத்தின் தளபதி கோன்ராட் கோல்ஷெக்கும் ஸ்லொவேனியர். காடியேவிச் பிறந்தது குரோவேஷியாவின் இமோட்ஸ்கி பக்கம். அப்பா செர்பியர், அம்மா குரோவேஷியர். இனம் கேட்டால் "யூகோஸ்லாவ்" என்று சொல்லும் வகை மனிதர்.

அஜிச்சின் கதை வேறு. அவர் பொஸ்னியாவின் காட்ஸ்கோ பகுதிச் செர்பியர். உலகப் போரின்போது, சிறுவனாக இருக்கையில், குரோவேஷியப் பாசிச உஸ்தாஷாக்கள் அவர் குடும்பத்தாரைக் கொன்றார்கள். 1990-ல் குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபில், உஸ்தாஷாக்களும் வைத்திருந்த பழைய சதுரக்கட்டச் சின்னம் போட்ட கொடி ஏறியபோது, அதைப் பார்த்த அஜிச்சின் கண்ணும் புரோவெட்டின் கண்ணும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. பங்கீட்டால் நாற்காலியைப் பிரித்துக் கொடுக்கலாம், நினைவைப் பிரித்துக் கொடுக்க முடியாதே.

தீட்டோ காலத்தில் தளபதிகள் அரசியலில் தலையிட்டார்களா?

தீட்டோ கூப்பிட்டபோது மட்டும். 1966-ல் உள்நாட்டுப் பாதுகாப்பைக் கையில் வைத்திருந்த ரான்கோவிச் வீழ்த்தப்பட்டதில், அவருடைய ஆட்கள் தீட்டோவையே ஒட்டுக்கேட்டார்கள் என்ற குற்றச்சாட்டைத் துருவியது ராணுவ உளவுப் பிரிவு. 1971-ல் குரோவேஷியத் தலைமையைக் களையெடுத்த கையோடு, டிசம்பரில் ருடோ என்ற ஊரில் பேசிய தீட்டோ, படை வெளி எதிரிக்கு மட்டுமல்ல, தேவைப்பட்டால் உள்ளேயும் சோஷலிசத்தைக் காக்கும் என்றார்.

அந்தப் பேச்சைத் தளபதிகள் மறக்கவேயில்லை. "உள்ளேயும்" என்றால் யாருக்கு எதிராக, யார் சொல்லி? தீட்டோ இருந்தவரை இந்தக் கேள்விக்கு அவசியம் இல்லை. சொல்வதற்கு அவர் இருந்தார்.

அவர் போனபின் உத்தரவு போட்டது யார்?

சிக்கலே இங்கேதான். 1980 மே 4-ல் தீட்டோ இறந்தார். அதன்பின் முப்படைக்கும் மேலான அதிகாரம் எட்டுப் பேர் கொண்ட அதிபர் குழுவிடம் போனது: ஆறு குடியரசுக்கு ஆறு பேர், இரண்டு மாநிலத்துக்கு இரண்டு பேர். தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றிவரும். நெருக்கடி நிலை அறிவிக்க ஐந்து வாக்கு வேண்டும்.

இன்னொரு எஜமானும் இருந்தது: கம்யூனிஸ்ட் கட்சி. அதிகாரிகளில் மிகப் பெரும்பாலோர் உறுப்பினர்கள். கட்சிக்குள் ராணுவத்துக்குத் தனிக் கிளையும், மத்தியக் குழுவில் ஒரு தன்னாட்சி மாநிலத்துக்கு நிகரான இடமும் உண்டு. 1990 ஜனவரியில் நடந்த 14-வது மாநாட்டில் ஸ்லொவேனியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள், கட்சி அத்தோடு உடைந்தது. தளபதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே ஆண்டு நவம்பரில் புதிதாக ஒரு கம்யூனிஸ்ட் கட்சியையே தொடங்கினார்கள். மக்கள் அதைத் "தளபதிகள் கட்சி" என்றே கிண்டலாக அழைத்தார்கள். பெர்லின் சுவர் விழுந்து ஓராண்டு ஆன பிறகு! வெளி உலகத்தோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

ஸ்லொவேனியர்களுக்கும் ராணுவத்துக்கும் பகை எப்படி வந்தது?

"மிலாடினா" என்ற இளைஞர் பத்திரிகை லியூப்லியானாவில் வெளிவந்தது. பஞ்சத்தில் வாடிய எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் விற்கிறார் என்று மாமுலாவைச் சாடியது. அவருக்காகப் படைவீரர்களைக் கொண்டு மாளிகை கட்டப்பட்டதையும் எழுதியது. 1988-ல், காடியேவிச் பதவியேற்ற சில வாரங்களில், ராணுவ ரகசிய ஆவணம் கசிந்த வழக்கில் நான்கு பேரைப் பிடித்து ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஸ்லொவேனியத் தலைநகரில் நடந்த விசாரணை, ஸ்லொவேனிய மொழியில் இல்லை, செர்போ-குரோவேஷியத்தில். ஊரே திரண்டு தெருவுக்கு வந்துவிட்டது. பல ஆண்டுப் பிரச்சாரத்தால் முடியாததை அந்த ஒரு வழக்கு செய்தது.

அந்த நால்வரில் ஒருவர் யானெஸ் யான்ஷா. இரண்டே ஆண்டில் ஸ்லொவேனியப் பாதுகாப்பு அமைச்சர். 1991-ல் இதே ராணுவத்தை எதிர்த்துப் போரிட்டவரும் அவர்தான்.

போருக்கு முன்பே தளபதிகள் தயாரானார்களா?

ஓரளவுக்கு. 1968-ல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததைப் பார்த்துப் பயந்துதான், ஒவ்வொரு குடியரசுக்கும் தனியாகப் பிரதேசப் பாதுகாப்புப் படை வைத்தார்கள். எண்பதுகளில் அதுவே தளபதிகளின் தலைவலி ஆனது: குடியரசுகள் கையில் துப்பாக்கி. மாமுலா, குடியரசு எல்லைகளை ஒட்டி இருந்த படைப்பிரிவு அமைப்பைக் கலைத்து, எல்லைகளைத் தாண்டிய பெரிய ராணுவ வட்டங்களாக மாற்றினார். 1990 மே நடுவில், தேர்தலில் வென்ற புதிய அரசுகள் உட்காரும் நேரத்தில், பிரதேசப் படைகளின் ஆயுதங்களைக் கிடங்குகளில் ஒப்படைக்கச் சொல்லி அஜிச் உத்தரவிட்டார். குரோவேஷியாவில் ஏறக்குறைய எல்லாம் போயிற்று. ஸ்லொவேனியர்கள் விஷயம் தெரிந்ததும் சுதாரித்துக்கொண்டு ஒரு பங்கைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

குரோவேஷியா வேறு வழி தேடியது. அங்கே பாதுகாப்பு அமைச்சரான மார்ட்டின் ஷ்பேகெல், அண்மைக்காலம் வரை மக்கள் ராணுவத்தின் பெரிய தளபதி. ஹங்கேரியிலிருந்து ரகசியமாகத் துப்பாக்கி வாங்கினார். ராணுவ உளவுப் பிரிவு அவர் பேசுவதை ஒளித்துவைத்த கேமராவில் பிடித்து, 1991 ஜனவரியில் தொலைக்காட்சியிலேயே போட்டுவிட்டது.

1991 மார்ச்சில் ராணுவப் புரட்சி நடக்கவிருந்தது என்கிறார்களே, உண்மையா?

நடந்திருக்கலாம். மார்ச் 9-ல் தலைநகர் பெல்கிரேடில் மிலோசெவிச்சுக்கு எதிராகப் பெரும் ஆர்ப்பாட்டம். தெருவில் டாங்கிகள் இறங்கின. மூன்று நாள் கழித்து அதிபர் குழுவை ராணுவக் கட்டடத்துக்குக் கூப்பிட்டார்கள். வழக்கமான இடத்தில் கூட்டம் இல்லை. உறுப்பினர்களை ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சூடேற்றப்படாத அறை, மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். ராணுவத்தின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படம் இன்றும் கிடைக்கிறது. பார்த்தால், நாட்டின் தலைவர்கள் கூட்டம் என்று தோன்றாது; விசாரணைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தது போல இருக்கும்.

காடியேவிச் நாட்டை உடைக்கச் சதி நடக்கிறது என்றார், நெருக்கடி நிலை கேட்டார். தலைமையில் இருந்தவர் செர்பியாவின் போரிசாவ் யோவிச், அவர் ஆதரவு உறுதி. குரோவேஷியாவின் ஸ்டிபே மேசிச்சும் மாசிடோனியாவின் துபுர்கோவ்ஸ்கியும் எதிர்ப்பு. எல்லோர் கண்ணும் பொஸ்னியாவின் போகிச் போகிசெவிச் மேல். அவர் செர்பியர். செர்பியர் என்பதால் கை தூக்குவார் என்று கணக்குப் போட்டார்கள். தூக்கவில்லை. ஐந்தாவது வாக்கு கிடைக்கவேயில்லை.

மறுநாள் காடியேவிச் ரகசியமாக மாஸ்கோ பறந்தார். மேற்கு நாடுகள் தலையிட்டால் சோவியத் பாதுகாக்குமா என்று பாதுகாப்பு அமைச்சர் யாசோவிடம் கேட்டார். யாசோவ் கைவிரித்தார். மார்ச் 15-ல் யோவிச் பதவி விலகினார். மேலே யாரும் இல்லாத நிலையை உண்டாக்கினால் ராணுவம் தானாகவே களம் இறங்கும் என்பது திட்டம். மேடை தயார், நாற்காலி காலி. தளபதிகள் வரவில்லை! சில நாளில் யோவிச் அசடு வழியத் திரும்பிவந்து உட்கார்ந்தார்.

ஏன் வரவில்லை? பயமும் கொஞ்சம் உண்டு: கட்டாய ராணுவச் சேவையில் வந்த பல இனத்துப் பையன்களை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? ஆனால் என் கணிப்பில் பெரிய காரணம் வேறு. காடியேவிச் வாழ்நாள் முழுக்க மேலிருந்து உத்தரவு வாங்கிப் பழகியவர். சட்டப்படி ஒரு கையெழுத்து இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. யோவிச் பின்னாளில் வெளியிட்ட நாட்குறிப்பு முழுக்க இதே புலம்பல்தான்: இன்று செய்கிறேன் என்பார், நாளை தயங்குவார்.

ஸ்லொவேனியாவில் பத்தே நாளில் தோற்றது எப்படி?

தோற்றது என்பதைவிட, முழுதாகச் சண்டையே போடவில்லை என்பது பொருத்தம். 1991 ஜூன் 25-ல் ஸ்லொவேனியாவும் குரோவேஷியாவும் விடுதலை அறிவித்தன. எல்லைச் சாவடிகளைக் கைப்பற்றும் உத்தரவு பிரதமர் ஆன்டே மார்கோவிச்சின் கூட்டாட்சி அரசிடமிருந்து வந்தது. தளபதிகள் ஏறக்குறைய 2,000 பேரை மட்டும் அனுப்பினார்கள். டாங்கியைக் கண்டதும் பயந்துவிடுவார்கள் என்று எண்ணம். ஸ்லொவேனியர்கள் சாலைகளை லாரிகளால் அடைத்தார்கள், படைமுகாம்களைச் சுற்றிவளைத்துத் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தினார்கள். பையன்கள் சரணடைய ஆரம்பித்தார்கள்.

பெரும் படையோடு திரும்ப நுழையலாம் என்றபோது, தடுத்தவர் யோவிச். மிலோசெவிச்சுக்கு ஸ்லொவேனியா வேண்டியதில்லை, அங்கே செர்பியர்கள் மிகக் குறைவு. ஜூலை 18-ல் அதிபர் குழுவே படையை வெளியேறச் சொன்னது. எந்த நாட்டின் ஒற்றுமைக்காகச் சத்தியம் செய்தார்களோ, அதன் ஒரு மூலையை விட்டுப் போக அவர்களுக்கே உத்தரவு.

எப்போது அது செர்பியாவின் ராணுவமாக மாறியது?

ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனால் 1991 கோடை முழுக்க அது நடந்தது. குரோவேஷியாவில் செர்பியக் கிளர்ச்சியாளர்களுக்கும் அரசுப் படைக்கும் நடுவில் "பிரித்து நிற்கிறோம்" என்று போனவர்கள், மெல்ல ஒரு பக்கம் சேர்ந்தார்கள். காடியேவிச் தன் நினைவுக்குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: நாட்டைக் காப்பது முடியாது என்றானதும், குரோவேஷியச் செர்பியர்களைக் காப்பது, முற்றுகையில் உள்ள முகாம்களை மீட்பது, சேர்ந்து வாழ விரும்பும் மக்களுக்குப் புதிய யூகோஸ்லாவியா அமைப்பது என்று இலக்கு மாறிவிட்டது. செப்டம்பரில் சட்டப்படித் தலைவராக இருந்த மேசிச், படை முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்டோபர் 3-ல் செர்பியாவும் அதன் கூட்டாளிகளுமாக நாலே பேர் அதிபர் குழுவின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். தளபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச்சில் ஐந்தாவது வாக்கு இல்லை என்று வீட்டுக்குப் போனவர்களுக்கு, அக்டோபரில் நாலு வாக்கு போதுமானதாகிவிட்டது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சிப்பாய் என்ற அவர்களின் வாதத்தை இதற்குமேல் நான் மதிப்பதில்லை.

அதற்குள் ராணுவத்துக்குச் சண்டையிட ஆள் இல்லை. பெல்கிரேடிலேயே அழைப்பாணை வந்த இளைஞர்கள் வேறு வேறு வீடுகளில் ஒளிந்து படுத்தார்கள். குரோவேஷியாவின் வுகோவாரில் ஆகஸ்ட் இறுதி முதல் நவம்பர் 18 வரை முற்றுகை. டான்யூப் கரை ஊர் ஒன்று செங்கல் குவியலானது. குரோவேஷியக் கடற்கரையில் உள்ள துப்ரோவ்னிக்கின் பழைய நகரத்தின் மேல் டிசம்பர் 6-ல் குண்டு விழுந்தபோது, உலகம் முழுக்க ராணுவத்தின் பெயர் கெட்டது.

செர்பியர் அல்லாத தளபதிகள் என்ன ஆனார்கள்?

பல வழி. யூர்யேவிச்சுக்கு முன் விமானப் படைக்குத் தலைமை வகித்திருந்த அன்டன் துஸ் வெளியேறி, 1991 செப்டம்பரில் புதிய குரோவேஷிய ராணுவத்தின் முதல் தலைமைத் தளபதி ஆனார். கோல்ஷெக் ஸ்லொவேனியப் போரின் நடுவே மாற்றப்பட்டார். புரோவெட் கடைசிவரை பெல்கிரேடில் இருந்து ஓய்வு பெற்றார். அக்டோபர் 7-ல் ஸாக்ரெபில் அதிபர் துஜ்மானின் அலுவலகம் மீது விமானக் குண்டு விழுந்தபோது, விமானப் படையின் தலைவராக இருந்தவர் குரோவேஷியரான யூர்யேவிச். இனத்தை வைத்து ஆளைக் கணிப்பவர்களுக்கு இது புரியாது.

துஜ்மானே மக்கள் ராணுவத்தின் பழைய தளபதிதான். பொஸ்னிய அரசுப் படையை நடத்திய சேஃபர் ஹாலிலோவிச்சும் அங்கே மேஜராக இருந்தவர். ஒரே பள்ளியில் படித்தவர்கள் எதிரெதிராக நின்ற போர் இது. எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று இருவருக்கும் தெரியும்.

இரண்டு நாடும் தண்டித்த தளபதி ஒருவர் உண்டாமே?

விளாடிமிர் டிரிஃபுனோவிச். குரோவேஷியாவின் வராஸ்தின் நகரில் இருந்த படைக்குத் தலைவர். 1991 செப்டம்பரில் முகாம் முற்றுகை, உதவிக்கு யாரும் வரவில்லை. கையில் இருந்த இளம் சிப்பாய்களை உயிரோடு ஊருக்கு அனுப்புவதற்காகச் சரணடைந்தார். டாங்கி, பீரங்கி எல்லாம் குரோவேஷியர் கைக்குப் போனது. போரின் போக்கே மாறியது. பெல்கிரேடில் அவருக்குத் துரோகி என்று சிறை. குரோவேஷியாவில் ஊரைத் தாக்கிய போர்க்குற்றவாளி என்று, ஆள் இல்லாமலே தண்டனை. பெல்கிரேடில் சில ஆண்டில் மன்னிப்பு கிடைத்தது.

அதே மாதம் பியெலோவாரில் மேஜர் மிலான் டெபிச் சரணடைய மறுத்து ஆயுதக் கிடங்கை வெடிக்கவைத்துத் தானும் செத்தார். அவருக்கு வீரர் பட்டம். எனக்கு முதல் ஆள்தான் பெரியவராகத் தெரிகிறார்.

காடியேவிச் எப்போது விலகினார்?

1992 ஜனவரி 7-ல் ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் வந்த ஹெலிகாப்டரை ராணுவ விமானம் சுட்டு வீழ்த்தியது. ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாள் விலகினார். அஜிச் பொறுப்பேற்றார். மே 8-ல் அவரையும் முப்பதுக்கு மேற்பட்ட தளபதிகளையும் ஒரே வீச்சில் ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை முடிந்தது, போகலாம் என்பதுபோல.

பொஸ்னியாவில்?

மிலோசெவிச்சும் யோவிச்சும் முன்யோசனையோடு இருந்தார்கள். 1991 டிசம்பரிலேயே, பொஸ்னியாவில் பிறந்த செர்பிய வீரர்களை அங்கேயே மாற்றிக் குவிக்கும் வேலை தொடங்கியது. எனவே 1992 மே மாதம் "ராணுவம் வெளியேறுகிறது" என்று அறிவித்தபோது, வெளியேறியவர்கள் சொற்பம். மற்றவர்கள் தோளில் சின்னத்தை மாற்றிக்கொண்டு பொஸ்னியச் செர்பியப் படை ஆனார்கள். தலைவர் ராட்கோ மிலாடிச், ஓராண்டு முன் வெறும் கர்னல். சம்பளம் பல ஆண்டு பெல்கிரேடிலிருந்தே போனது. 1993 இறுதியில் அதற்காகத் தலைமையகத்தில் "30-வது பணியாளர் மையம்" என்று தனிப் பிரிவே வைத்தார்கள்.

இந்தியாவுக்குத் தொடர்பு உண்டா?

கூட்டுசேரா இயக்க நட்பு பழையது. இந்தக் கட்டத்தில் நேரடித் தொடர்பு ஒருவர்: ஐ.நா. அமைதிப் படையின் முதல் தளபதியாக 1992 மார்ச் முதல் ஓராண்டு இருந்த இந்திய ராணுவத்தின் சதீஷ் நம்பியார்.

நினைத்திருந்தால் நாட்டைக் காப்பாற்றியிருக்க முடியுமா?

அப்படியே காப்பாற்றியிருக்க முடியாது. கட்சி உடைந்து, பொருளாதாரம் விழுந்து, தேர்தலில் ஒவ்வொரு குடியரசும் ஒவ்வொரு திசையில் போன பிறகு, டாங்கியால் ஒட்டவைக்க முடியாது. ஆனால் போரை இவ்வளவு கொடூரம் ஆகாமல் தடுத்திருக்கலாம். ஐரோப்பாவின் பெரிய ஆயுதக் குவியல்களில் ஒன்று அவர்கள் சாவியில் இருந்தது. யாருக்கும் கொடுக்காமல் முகாமுக்குள் பூட்டியிருக்கலாம். மார்கோவிச்சின் அரசோடு நின்றிருக்கலாம். அந்தப் பிரதமரை அவர்கள் அமெரிக்காவின் ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். காடியேவிச் தாமே அமெரிக்க ராணுவக் கல்லூரியில் படித்தவர் என்பது வேடிக்கை.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

களத் தளபதிகளுக்குக் கிடைத்தது. துப்ரோவ்னிக் தாக்குதலுக்காக பாவ்லே ஸ்ட்ருகாரும், குற்றத்தை ஒப்புக்கொண்ட மியோத்ராக் யோகிச்சும் ஹேக் நகரில் இருந்த ஐ.நா. போர்க்குற்ற நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். வுகோவார் அருகே ஒவ்சாராவில் மருத்துவமனையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் கொல்லப்பட்டதற்காக மிலே மிர்க்ஷிச்சுக்கு 20 ஆண்டு. போர்ச்சுகல் சிறையில் 2015-ல் இறந்தார். மிலாடிச்சுக்கு ஆயுள், 2021-ல் மேல்முறையீட்டிலும் உறுதியானது.

உச்சியில் இருந்த இருவர் மேலும் ஹேக் தனியாக வழக்குப் போடவில்லை. மிலோசெவிச்சின் குற்றப்பத்திரிகையில் கூட்டாளிகள் என்று பெயர் மட்டும் வந்தது. அஜிச் 2012-ல் பெல்கிரேடில் இறந்தார். காடியேவிச் 2001-ல் ரஷ்யா போனார், குரோவேஷியா வுகோவார் வழக்கில் தேடியது, 2008-ல் ரஷ்யக் குடியுரிமை வாங்கினார், 2014 நவம்பரில் மாஸ்கோவில் இறந்தார்.